ஞாயிற்றுக்கிழமைப் பதனீர்

காணிக்கைப் பைக்குள் வெறும் கையை விட்டு எடுப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். விரல்களை மடக்கி, உள்ளே ஏதோ இருப்பதுபோலக் கையைக் கொண்டுபோக வேண்டும். பைக்குள் போனதும் விரலை விரித்து, அடியில் கிடக்கும் சில்லறையை நகத்தால் லேசாகத் தட்டினால் ஒரு சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவருக்கு அது போதும். எங்கள் கோயிலில் (திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் சர்ச் என்று சொல்வது குறைவு, கோயில்தான்) காணிக்கை எடுப்பது சிவப்பு வெல்வெட் பையில். தட்டாக இருந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

2017-இல் ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. பாக்கெட்டில் சுத்தமாகப் பணம் இல்லாமல் இல்லை. இருபது ரூபாய் இருக்கும். ஆனால் அந்த இருபது திங்கட்கிழமை பஸ்ஸுக்கு. அந்த நாட்களில் என்னிடம் வந்த ஒவ்வொரு நோட்டுக்கும் எனக்கு முன்பே ஒரு சொந்தக்காரன் இருந்தான்.

நான் பார்க்கும் வேலை கணக்கு எழுதுவது. சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தனியார் நிறுவனத்தில் இருபது வருஷமாக அடுத்தவன் பணத்தைப் பைசா சுத்தமாக டேலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன், சொந்தக் கணக்கை எழுதிப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன். அப்பாவின் இதய ஆபரேஷனில் ஆரம்பித்தது. அப்புறம் தங்கை கல்யாணம். இவை இரண்டும் ஒழுங்கான செலவுகள், யாரிடமும் சொல்லலாம். சொல்ல முடியாதது அதற்கு மேல் வந்தது. கடனை அடைக்க வாங்கிய கடன், அதன் வட்டிக்கு வாங்கிய கைமாற்று, கைமாற்றைத் திருப்பப் பீரோவிலிருந்து எடுத்துப்போய் அடகு வைத்த மனைவியின் வளையல்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கந்துவட்டி. வளையல் பேங்க் லாக்கரில் பத்திரமாக இருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

ராத்திரி மூன்று மணிக்கு முழிப்புத் தட்டும். ஃபேன் சுற்றும். அதையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் கூட்டிக் கழிப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரும். தொழில்முறைக் கணக்கனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. செல்போனை சைலன்ட்டில் போட்டு வைத்திருப்பேன், ஆனாலும் பாக்கெட்டில் அது அதிரும்போது தொடையில் தெரியும். ஆராதனையில் முழங்கால்படியிட்டு இருக்கும்போதும் அதிரும். பாவ அறிக்கை சொல்லிக்கொண்டே, இது பேங்க்காரனா, வட்டிக்காரனா என்று யோசிப்பேன்.

எங்கள் ஊர்ச் சுவர்களில் ஃபிளெக்ஸ் ஒன்று அடிக்கடி பார்க்கலாம். ரோஸ் நிறப் பின்னணி, கோட் போட்ட ஊழியக்காரர், பெரிய எழுத்தில் விடுதலை, அதன் கீழே கேள்விகள்: கடன் பிரச்சினையா? தீராத வியாதியா? பில்லிசூனியமா? ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னை அப்படி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடன் கட்டுகள் அறுபடும் என்று மேடையில் அறிவித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், பொய்யில்லை. அப்புறம் விதைக் காணிக்கை என்று ஒன்று சொன்னார்கள், இன்று விதைப்பவன் நூறு மடங்காக அறுப்பான் என்று. கூட்டிக்கொண்டு போன நண்பரிடமே 5000 ரூபாய் கைமாற்று வாங்கிப் போட்டேன். பிற்பாடு எல்லாக் கடனையும் பட்டியல் போட்டபோது அந்த 5000-மும் அதில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. விளைச்சல் அவ்வளவுதான்.

அங்கே வருகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கடன் தீராவிட்டால் உன் விசுவாசத்தில்தான் குறை என்று சொல்லி அனுப்புகிறார்களே, அது இருக்கிற மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டை. சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மனுஷர் தோளில் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களைப் பற்றி மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இயேசு கோபமாகப் பேசுகிறார். அந்த அதிகாரம் அந்த மாதிரி மேடைகளில் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் எங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. குழந்தைகளும்தான். தமிழ்நாடே அந்தச் செய்தியைப் பார்த்தது, நான் அதைச் சுற்றி அதிகம் எழுதப்போவதில்லை. டிவியை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். மனைவி வந்து அணைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வார ஞாயிறு எங்கள் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அன்றைக்கு வகுத்திருந்த பாடத்தை விட்டுவிட்டு மத்தேயு 11:28 வாசித்தார். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." இந்த வசனம் எனக்கு எவ்வளவு பழசு என்றால், ஓய்வுநாள் பள்ளியில் இதையும் இன்னும் பதினொரு வசனங்களையும் மனப்பாடமாகச் சொல்லி ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருக்கிறேன். டம்ளர் இன்றும் வீட்டில் இருக்கிறது. பெயர் வெட்டியது பாதி தேய்ந்துவிட்டது. வசனமும் அப்படித் தேய்ந்துதான் இருந்தது. கேட்டால் காதில் நிற்காது.

அன்றைக்கு ஐயர் ஒரு சொல்லை எடுத்து விளக்கினார். வருத்தம் என்றால் நாம் இப்போது மனக்கவலை என்று எடுத்துக்கொள்கிறோம். பழைய தமிழில் அது உடம்பு நோக உழைப்பது. "மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவர் சொல்லுகிற வருத்தம். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் களைத்துப்போகிற அளவுக்குப் பாடுபடுவது என்றுதான் பொருளாம். அப்படியென்றால் இயேசு கூப்பிட்டது சோகமாக இருக்கிறவர்களை மட்டும் இல்லை, உழைத்து இடுப்பொடிந்தவர்களை. (அந்தக் குறள் "தெய்வத்தான் ஆகாதெனினும்" என்று தொடங்குவதை ஐயர் நைசாக விட்டுவிட்டார். நான் கவனித்தேன்.)

வருத்தம் என்றதும் எனக்கு நினைவு வந்தது தாத்தாவின் நெஞ்சு. பனையேறிகளுக்கு நெஞ்சில் ஒரு காய்ப்பு இருக்கும். மரத்தை அணைத்து அணைத்து, தோல் தடித்துக் கறுத்து, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். சின்ன வயசில் அதை விரலால் தட்டிப் பார்ப்பேன். டொக் என்று ஒரு சத்தம் வருவதாக எனக்கு ஒரு நினைப்பு.

தாத்தாவுக்கு முதலூருக்குப் பக்கத்தில் ஊர். சாத்தான்குளம் வட்டாரம், செம்மண் தேரி, கண்ணுக்கு எட்டின மட்டும் பனை. இன்று முதலூர் என்றால் பலருக்கு மஸ்கோத் அல்வாதான். ஆனால் அந்த ஊர் பிறந்த கதை வேறு. 1799-இல், கிறிஸ்தவர்களானதற்காகத் துன்புறுத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனபோது, டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்நின்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊர், அதனால் முதலூர். பக்கத்தில் தென் திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை இருந்தது, தலைவரி இருந்தது. பெண்கள் மாரை மறைத்துச் சேலை போடும் உரிமைக்குப் பல ஆண்டுகள் போராடி, 1859-இல்தான் ராஜாவின் அறிவிப்பு வந்தது. எங்கள் முன்னோர்கள் பாரம், விடுதலை என்ற சொற்களைக் கேட்டபோது அவர்களுக்கு அவை உவமையாகப் பட்டிருக்காது. அவர்கள் தலையிலும் முதுகிலும் நிஜமாகவே பாரம் இருந்தது.

பனையேற்று உள்ள மாதங்களில் தாத்தா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம் ஏறுவார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாளையை ஒவ்வொரு நாளும் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை வாய் காய்ந்து பதனீர் ஊறுவது நின்றுவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். இல்லாவிட்டால் அது பதனீராக இராது, கள்ளாகிவிடும். இறக்கிக் கொண்டுவந்த பதனீரை ஆச்சி விடிலியில் காய்ச்சுவாள். விடிலி என்பது ஓலைக் குடிசை. உள்ளே அடுப்புப் புகையும் பதனீர் ஆவியுமாக ஆள் முகம் தெரியாது. பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. அதை ஓலைப்பெட்டியில் அடுக்கி, சும்மாடு வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடப்பாள்.

போகிற வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு பலகைக் கல். நம்மூர் ரோட்டோரங்களில் இன்னும் சிலது நிற்கிறது, பெரும்பாலும் சுவரொட்டி ஒட்டத்தான் பயன்படுகிறது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது. இறக்கி வைக்காமலே போனவள் பாரம், வழிப்போக்கர்கள் பாரம் இறக்கும்போதெல்லாம் குறையும் என்று நம்பிக்கை. அந்தக் கல்லின் விசேஷம் அதன் உயரம். ஆள் துணை வேண்டாம். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பெட்டி தானாகக் கல்மேல் நகர்ந்துவிடும். திரும்ப எடுக்கவும் அப்படியே. ஆச்சி அதன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அப்புறம் பழையபடி பெட்டி தலையில். சந்தை இன்னும் இரண்டு மைல்.

இவ்வளவு பாடுபட்ட குடும்பம், அதிலும் கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அதற்காகவே காய்ச்சிக்கொண்டிருந்த குடும்பம், ஒரு விசித்திரமான காரியம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆச்சி அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். தாத்தா விடியுமுன் ஏறிப் பாளையைச் சீவிவிடுவார், பதனீரையும் இறக்குவார். ஆனால் அன்றைய பதனீர் வீட்டுக்கு வராது. அப்படியே கோயில் வாசல் வேப்பமரத்தடிக்குப் போகும். ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள், ரோட்டில் போகிறவர்கள், வேதக்காரர்கள், இந்துக்கள், யாராக இருந்தாலும் ஓலைப் பட்டை பிடித்துக் குடித்துவிட்டுப் போகலாம். "ஞாயித்துக்கிழமப் பதனி நமக்கில்லடே" என்பார்.

வியாபாரிக்கு ஆத்திரமாக வரும். எனக்கும்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சீசனுக்கு எத்தனை ஞாயிறு, எத்தனை படி பதனீர், எத்தனை கருப்பட்டி, விலை என்ன என்று சிலேட்டில் போட்டுக் காட்டினேன். ஏழில் ஒரு பங்கு நஷ்டம் தாத்தா, முன்பணம் இன்னும் சீக்கிரம் அடையும் என்றேன். கணக்குப் பிள்ளையாக வருவேன் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவர் சிலேட்டை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். பதில் ஒன்று சொன்னார். அந்த வயதில் அது எனக்குப் பிடிபடவில்லை.

சரி, 2017-க்கு வருகிறேன். எங்கள் பகுதியில் வியாழக்கிழமை வீட்டு ஜெபம் நடக்கும், வாரம் ஒரு வீடு. அந்த வாரம் எங்கள் வீடு. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், காப்பி எல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எழுபதைத் தாண்டியவர். கோயிலில் எனக்குப் பின் வரிசை பெண்கள் பகுதியில், ஓரத்து இடத்தில் உட்காருவார். மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, காணிக்கைப் பையில நீங்க ஒண்ணும் போடுறதில்ல."

எனக்குக் காது அடைத்துவிட்டது. நகத்தால் தட்டும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான். பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கை தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"காணிக்கைக்காகக் கேக்கல. எவ்வளவு கடன்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்."

"நாப்பது வருஷம் பிள்ளைகளப் பாத்திருக்கேன் தம்பி. வீட்டுக்கணக்குப் போடாம வந்தவன் மூஞ்சி எனக்குத் தெரியும்."

சொன்னேன். முழுத்தொகையை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பதினோரு லட்சத்துச் சில்லறை. வானம் இடிந்து விழவில்லை. டீச்சர், "ம்" என்றார்.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. வீட்லயும் தெரியாது."

"அப்ப மூட்ட ஒண்ணில்ல, ரெண்டு. கடன் ஒரு மூட்ட. அத மறைக்கது இன்னொரு மூட்ட. மொதல் மூட்டைக்கு வருஷக் கணக்காகும். ரெண்டாவத இன்னைக்கே இறக்கிரலாம்லா?"

அவர் போன பிறகு அடுக்களைக்குப் போனேன். மனைவி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். திக்கித் திக்கி, ஒழுங்கில்லாமல், பின்னாலிருந்து முன்னால். வளையல் என்று ஆரம்பித்ததும் குழாயை மூடினாள்.

"லாக்கர்ல இல்லங்கது எனக்குச் சித்திரையிலேயே தெரியும்," என்றாள். "லாக்கர் சாவி நம்ம பீரோவுலதான இருக்கு? நீங்க பேங்குக்கே போகல."

சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அவள் அதைத் தெரிந்துகொண்டே கவரிங் வளையலோடு கல்யாணங்களுக்குப் போய் வந்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "நீங்களா சொல்லணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம், "கொஞ்சம் கோவமாவும் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டாவது பகுதியை அவள் சொன்னதால்தான் முதல் பகுதியை என்னால் நம்ப முடிந்தது. அன்றைக்குப் பல மாதங்களுக்கு அப்புறம் மூன்று மணி தாண்டித் தூங்கினேன். கடனில் ஒரு ரூபாய் குறையவில்லை.

மறுநாள் டீச்சர் 80 பக்க நோட்டு ஒன்றோடு வந்தார். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். அசல், வட்டி, யாரிடம், எப்போது. எனக்குத் தெரியாத கணக்கா? ஆனாலும் பேனாவை என் கையில் கொடுத்து எழுதவைத்தார். வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பது என்று முடிவானது. கந்துவட்டிக்காரரிடம் ஐயரும் எங்கள் சபையில் உள்ள ஒரு வக்கீலும் என்னோடு வந்தார்கள். அதிகவட்டியைத் தடைசெய்ய 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருப்பதை வக்கீல் மிக மரியாதையாக, காப்பி குடித்துக்கொண்டே நினைவூட்டினார். அசலை மட்டும் தவணையாகக் கட்டுவதென்று ஆனது. டீச்சர் தன் பென்ஷனிலிருந்து 30,000 கொடுத்தார். வட்டி இல்லை, ஆனால் மாதம் ஆயிரம், ஐந்தாம் தேதிக்குள். "கர்த்தர் மன்னிப்பாரு. நான் மன்னிக்க மாட்டேன்," என்றார். ஒரு மாதமும் தவறவில்லை.

அந்த நாட்களில் கலாத்தியர் நிருபத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 6-ஆம் அதிகாரம் 2-ஆம் வசனத்தில் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று சொல்லும் பவுல், மூன்றே வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறார். எது சரி? ஐயரிடம் கேட்டேன். தமிழில் இரண்டும் பாரம்தான், கிரேக்கத்தில் இரண்டு சொல் என்றார். முதலாவது ஆளை அமுக்கிவிடும் எடை. இரண்டாவது, பயணம் போகிறவன் தன் தோளில் போட்டுக்கொள்ளும் மூட்டை. அமுக்கும் எடைக்கு நாலு பேர் கை கொடுக்க வேண்டும். தன் மூட்டையை அவனவன்தான் தூக்க வேண்டும். எனக்கு அதைவிட ஆச்சரியம், "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று இயேசு சொல்லும் இடத்தில் இருப்பது இந்த இரண்டாவது சொல்தானாம். இளைப்பாறுதல் தருகிறேன் என்று கூப்பிட்டவர் அடுத்த மூச்சிலேயே நுகத்தையும் சுமையையும் பற்றிப் பேசுகிறார். வெறுங்கையோடு அனுப்புகிற எண்ணமே அவருக்கு இல்லை. டம்ளர் வாங்கின வயசிலிருந்து அடுத்த இரண்டு வசனங்களையும் ஒப்பித்திருக்கிறேன், இது கண்ணில் பட்டதில்லை.

ஜெபம் எப்படி மாறியது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் என் ஜெபம் மனு எழுதுவது மாதிரி. ஐயா, கீழ்க்கண்ட தொகை, இன்ன தேதிக்குள். 55-ஆம் சங்கீதத்தில் "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று ஒரு வரி உண்டு. வை என்று இல்லை, வைத்துவிடு. தமிழில் அந்த 'விடு' சேர்ந்தால்தான் கை எடுபடுகிறது. நான் பல வருஷமாக வைத்துக்கொண்டுதான் இருந்தேன், விடவில்லை. வைத்த இடத்தில் இருக்கிறதா என்று மூன்று மணிக்கு எழுந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதலை என்ற சொல்லுக்குள்ளும் இந்த விடுதான் இருக்கிறது. யாரோ நம்மை அவிழ்த்துவிடுவது என்றே அதை எண்ணியிருந்தேன். நம் கைப்பிடியும் தளர வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் முழுசாக வராத வித்தை இது. மூன்று மணி முழிப்பு மாதத்தில் ஒரு நாளாவது வருகிறது. அப்போது சங்கீதம் முழுவதும் சொல்வதில்லை, அந்த ஒரு வார்த்தைதான்.

டீச்சர் ஒரு விதி போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைத் திறக்கக் கூடாது, பணப்பேச்சு கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். நான் வாதாடிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே எனக்கு உட்கார்ந்து கணக்குப் பார்க்க நேரம்? அவர் அசையவில்லை. முதல் ஞாயிறு கை நடுங்கியது, உண்மையாகவே. போனை அணைத்தால் ஏதோ நடந்துவிடும் போலிருந்தது. மனைவி அதை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்புறம் மூன்று பேருமாக, மகளையும் சேர்த்து, தாத்தா ஊருக்குப் பஸ் ஏறினோம்.

ஊரில் விடிலி கிடையாது. தாத்தா ஏறிய மரங்களில் பாதிக்கு மேல் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. கோயில் வாசல் வேப்பமரம் மட்டும் இருந்தது. மகளுக்கு அந்தப் பதனீர்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாத்தா சொன்ன பதில் திரும்ப வந்தது.

"ஆறு நாளும் கணக்குப் போட்டுத்தான் ஏறுதேன்டே. ஒரு நாளாவது கணக்கில்லாம ஏறணும்லா?"

ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஏறாமல் இல்லை. அதே மரம், அதே உயரம், நெஞ்சில் அதே உரசல். வியாபாரியின் முன்பணம் மட்டும் அன்றைக்கு அவரோடு சேர்ந்து ஏறவில்லை. நான் ஓய்வுநாளை ஒரு கட்டளையாக, செய்யக் கூடாதவைகளின் பட்டியலாகவே படித்து வளர்ந்தவன். அவருக்கு அது தலையைச் சாய்க்க ஏற்ற உயரத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு கல். திங்கட்கிழமை பெட்டி பழையபடி தலைக்கு வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மகள், "அந்தப் பதனீர் இப்ப எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். மெயின் ரோட்டில் ஒருவர் பிளாஸ்டிக் கேனில் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தோம். தித்திப்பு ஒரு மாதிரியாக இருந்தது, என்ன கலந்தாரோ. அவளுக்குப் பிடித்திருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

காணிக்கைப் பைக் கதையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த ஞாயிறு பத்து ரூபாய் நாணயம் ஒன்று போட்டேன், விரலை மடக்காமல். எல்லாருக்கும் தெரியும்படிப் பத்தே ரூபாய். பின் வரிசையில் டீச்சர் தொண்டையைச் செருமினார். அது எனக்காகத்தானா, இருமலா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வருஷம் எங்கள் கோயில் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, கணக்கெழுத என்னைப் போட்டார்கள். கடன்காரன் கையில் பெட்டிச் சாவியா என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அரிசி எத்தனை மூட்டை, கத்திரிக்காய் எத்தனை கிலோ என்று எழுதி, கடைசிப் பைசா வரை டேலி செய்து கொடுத்தேன். அப்புறம் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து, மண்ணில் விரித்த இலையில் சாப்பிட்டேன்.

டீச்சர் போன வருஷம் ஆண்டவரிடம் போய்விட்டார். அவர் கடன் அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது, கடைசி ஆயிரத்தைக் கொடுத்த அன்று அந்தப் பக்கத்தில் அவரே குறுக்குக் கோடு போட்டுத் தேதியும் எழுதினார். வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி, மொத்தம் 1,85,000. தவணை ஒன்று போன மாதம் பிந்திவிட்டது.

போன ஞாயிறும் போன் அரிசி டப்பாவில்தான் கிடந்தது. திங்கள் காலை மனைவி அதை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி என்னிடம் கொடுத்தாள். உயிர் கொடுத்ததும் நேற்றைய மிஸ்டு கால்கள் பற்றி மெசேஜ் வந்து விழுந்தது. ஆறு கால், ஆறும் ஒரே நம்பர். டீயை வைத்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"நேத்துப் பூரா கூப்பிடுறேன், ஏன் சார் எடுக்கல?" என்றான் அந்தப் பையன். என் மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை போலிருக்கிறது.

"நேத்து லீவு தம்பி," என்றேன். "இப்பச் சொல்லுங்க, எவ்வளவு?"